எளிய இயந்திரங்களைக் கற்பித்தல்: ஏற்றமும் எதிர் விகிதமும்

எளிய இயந்திரங்கள், இயக்கம் ஆகிய பாடங்களை அறிவியல், கணிதம், தொழில்நுட்பம் மூன்றையும் இணைத்து நடத்த வேண்டும் என்பது ஆசிரியர் பயிற்சிகளில் அடிக்கடி கேட்கும் கருத்து. தமிழ்நாட்டில் இதற்கு மிக அருகில் வந்த அரசுத் திட்டம் வானவில் மன்றம். 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் தொடங்கப்பட்ட இத்திட்டத்தின்படி, 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குச் சோதனைப் பொருள்களுடன் கருத்தாளர்கள் பள்ளிக்கே வருகிறார்கள். தொடங்கியபோது 13,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளுக்கு 710 கருத்தாளர்கள். ஒருவருக்குச் சுமார் 18 பள்ளிகள் என்றால், ஒரு பள்ளிக்கு மாதம் ஒரு நாள் கிடைப்பதே அரிது. அந்த ஒரு நாளில் சோதனை நல்ல வேடிக்கையாக முடிந்துவிடும். அளவெடுக்க நேரம் இருக்காது. என் குறை இந்த அளவெடுப்பைப் பற்றியதுதான்.

எளிய இயந்திரம் வேலையை எளிதாக்கும் என்று எல்லா வகுப்பறையிலும் சொல்லிக்கொடுக்கிறோம். மாணவர் இதை, குறைந்த விசையில் காரியம் முடியும் என்று புரிந்துகொள்கிறார். இது எவ்வளவு அரைகுறையான புரிதல் என்பதை ஏற்றத்தை வைத்தே காட்டலாம். விழுப்புரத்தை அடுத்த காணை போன்ற, நெல்லும் கரும்பும் மல்லாட்டையும் (வேர்க்கடலை) விளையும் வட்டாரங்களில், மோட்டார் வருவதற்கு முன் கிணற்று நீரை மேலே கொண்டுவந்தவை ஏற்றமும் கவலையும். ஏற்றமரத்தின் மீது 60 கிலோ எடையுள்ள ஒருவர் தாங்குபுள்ளியிலிருந்து 1 மீட்டர் தள்ளி நிற்கிறார். மறுமுனையில் 3 மீட்டர் தொலைவில் நீருடன் 20 கிலோ சால். மரத்தின் எடையை விட்டுவிட்டால் இரண்டும் சமம். இன்னும் ஓரடி பின்னே நடந்தால் சால் மேலேறும். இங்கே மனிதர் தரும் விசை சுமையைப் போல மூன்று மடங்கு! ஆனால் அவர் கால் ஓரடி இறங்கும்போது சால் மூன்றடி ஏறுகிறது. விசையைக் கொடுத்துத் தொலைவை வாங்குகிறோம். கரும்பு லாரியில் சுமை ஏற்றச் சாய்த்து வைக்கும் பலகையில் இந்தக் கொடுக்கல் வாங்கல் தலைகீழாக நடக்கிறது.

கவலை இன்னும் நுட்பமானது. அதன் உருளை நிலையானது. இழுக்கும் திசையை மாற்றுமே தவிர விசையைக் குறைக்காது. மாடுகள் சரிவில் இறங்கி இழுப்பதால் அவற்றின் எடையும் இழுப்புக்கு உதவுகிறது. சென்னை மாகாணத்தில் இம்முறைகளை அளந்து ஒப்பிட்ட ஆல்பிரட் சாட்டர்டன், நீரிறைப்புப் பாசனம் பற்றி 1912இல் ஒரு நூலே வெளியிட்டார். அவர் அளந்ததை ஏழாம் வகுப்பு மாணவர் அளக்க முடியாதா?

ஏழாம் வகுப்பு முதல் பருவத்தில் அறிவியலில் விசையும் இயக்கமும் வருகிறது. அதே பருவத்தில் கணக்கில் எதிர் விகிதம் வருகிறது. தாங்குபுள்ளியிலிருந்து தொலைவு கூடக்கூடத் தேவையான எடை குறைவது எதிர் விகிதமேதான். ஆனால் கணக்கு வகுப்பில் இத்தனை ஆட்கள் இத்தனை நாட்களில் சுவர் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு மர அளவுகோல், ஒரு பென்சில், ஒரே மாதிரியான சில நாணயங்கள் இருந்தால் இரு ஆசிரியர்களும் ஒரே பாடவேளையில் ஓர் அட்டவணையை நிரப்ப வைக்கலாம். அளவுகோலின் எடையால் முதலில் விடைகள் சற்றுப் பிசகும். ஏன் பிசகுகிறது என்று மாணவர் கேட்கும் கேள்வி, ஈர்ப்பு மையத்துக்கு அவரைத் தானே கொண்டுபோய்விடும்.

தொழில்நுட்பம் என்ற பகுதிதான் மிகவும் மெலிந்து கிடக்கிறது. பெரும்பாலும் திரையில் ஓர் அசைபடம் காட்டுவதையே அப்படி அழைக்கிறோம். ஆசிரியரின் கைப்பேசியில், அளவுகோலைப் பின்னணியில் வைத்துச் சரிவில் உருளும் கோலியை மெதுவோட்டத்தில் படம்பிடித்தால், தொலைவு-கால வரைபடத்துக்கான எண்கள் மாணவர் கையிலேயே கிடைக்கும். மூங்கிலும் கயிறும் கொண்டு சிறு ஏற்றம் ஒன்றைச் செய்யச் சொல்வதும் தொழில்நுட்பமே. மரம் வளையும், முடிச்சு நழுவும், தாங்குபுள்ளி தேயும்.

தேர்வு மாறாமல் இவை நிலைக்கப்போவதில்லை. நெம்புகோல் என்றால் என்ன என்று வினாத்தாள் கேட்கும்வரை ஆசிரியரும் அதற்குத்தான் தயார் செய்வார். 25 கிலோ சாலை ஏற்ற 50 கிலோ எடையுள்ளவர் எங்கே நிற்க வேண்டும், சால் 2 மீட்டர் ஏற அவர் எவ்வளவு இறங்குவார் என்ற ஒரு கேள்வியையாவது அறிவியல், கணக்கு இரண்டு தாள்களிலும் வைத்துப் பார்க்கலாம்.