பிள்ளை இலக்கியமும் ஆராய்ச்சியாளரும்

சிறுவர் நூல்களை எழுதுவோரும் தேர்ந்து கொடுப்போரும் முதியோர்; பெற்றுக்கொள்வோர் மட்டுமே சிறுவர். ஆதலின் சிறுவர் இலக்கியம் என்பதே இயலாத ஒன்று என ஆங்கில ஆராய்ச்சியாளர் ஜாக்குலின் ரோஸ் அம்மையார் 1984-இல் வெளியிட்ட நூலில் வாதித்தார். 1904-இல் இலண்டனில் அரங்கேறிய ஜே. எம். பாரியின் 'பீட்டர் பான்' அவருக்குச் சான்று. வளர மறுக்கும் அச்சிறுவன் முதியோர் தம் ஆசைக்கு வனைந்த உருவமே என்பது அம்மையார் கொள்கை.

இதில் உண்மை உண்டு. பிள்ளையின் நன்மை என்று சொல்லித் தம் விருப்பத்தையே புகட்டுவோர் எந்நாட்டில் இல்லை? ஆயினும், பிள்ளை வெறும் கொள்கலம் அன்று. டெய்சி ஆஷ்ஃபோர்டு என்னும் ஆங்கிலச் சிறுமி 1890-இல், தம் ஒன்பதாம் வயதில், 'தி யங் விசிட்டர்ஸ்' என்ற கதையை எழுதினார். அது 1919-இல் அச்சேறியபோது முன்னுரை அளித்தவர் அதே பாரி. கதையையும் அவரே எழுதியிருப்பார் என்று ஐயுற்றோர் பலர்! ஒரு சிறுமியால் இயலும் என்று நம்ப அவர்கட்கு மனம் வரவில்லை.

பிள்ளையின் குரலை மறைப்பது தவறாயின், அதனைக் கேளாமலே தீர்ப்புக் கூறுவதும் தவறே. எழுதினவர் உள்ளத்தை ஆராய்ந்தால் பாதி வேலையே முடியும். படிக்கும் பிள்ளை அந்நூலை என்ன செய்கிறது என்பதையும் காணவேண்டும். பெற்றோரே, ஆசிரியரே, நூலைக் கொடுத்தபின் பிள்ளையின் கருத்தையும் கேளுங்கள்!