வடமோடிக் களரியின் போர்வீரர்கள்

மட்டக்களப்பு வடமோடிக் கூத்தில் ஒரு வீரன் எப்படிப் பொருதுவான் என்பது அவனுடைய வரவிலேயே தெரிந்துவிடும். அரசனுக்கு ஒரு வரவுத் தாளம், முனிவருக்கு வேறொன்று, பெண் பாத்திரத்துக்கு வேறொன்று, கட்டியகாரனுக்கு இன்னொன்று என ஆளுக்கேற்ப மத்தளம் மாறும். ஆடுகளமான களரியில் கால் வைத்த மாத்திரத்தில், வந்தவன் யார், எவ்வளவு கோபக்காரன் என்பதைச் சபை கண்டுகொள்ளும். பாட்டு பிறகுதான்.

மட்டக்களப்பு–கல்முனை வீதியில், கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக மாங்காட்டுக்கும் களுதாவளைக்கும் நடுவே கிடக்கிறது தேற்றாத்தீவு. வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையின் இத்தகைய ஊர்களும் வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரையும்தான் இந்தக் கலையின் தாய்நிலம். களரி வட்டமானது, சபை சுற்றிவர இருக்கும். நடுவில் மத்தளத்தோடு, கூத்தைப் பழக்கும் ஆசானான அண்ணாவியாரும், தாளம் போடுபவரும், ஏடு பார்ப்பவரும் நிற்பார்கள். வீரர்கள் அவர்களைச் சுற்றியே ஆடிப் போர் செய்கிறார்கள். போர்க்களத்தின் மையத்தில் மத்தளம் நிற்பது இந்தக் கூத்தின் பேரழகு.

வடமோடிக் கதைகளிற் பெரும்பாலானவை மகாபாரதத்தையும் இராமாயணத்தையும் சேர்ந்தவை. போர் நாளின் எண்ணையே பெயராகக் கொண்ட கூத்துகளும் உண்டு. பதின்மூன்றாம் போரில் அபிமன்யு சக்கர வியூகத்துக்குள் தனியே புகுந்து மாள்கிறான். பதினேழாம் போரில் கர்ணனும் அர்ச்சுனனும் வில்லோடு எதிர்நிற்கிறார்கள். பதினெட்டாம் போரில் வீமனும் துரியோதனனும் தண்டாயுதத்தால் மோதுகிறார்கள். மூன்றும் போர்தான், ஆனால் மூன்றின் ஆட்டமும் ஒன்றல்ல. வில்லுக்கு இடைவெளி வேண்டும். ஆகவே வில்லாளர் இருவரும் களரியின் எதிரெதிர் ஓரங்களைப் பிடித்துச் சுற்றிவருவார்கள். அம்பு வில்லை விட்டுப் போவதில்லை, உடலின் சாய்வும் காலின் பாய்ச்சலுமே அதை எய்துவிடும். தண்டாயுதக்காரர் நெருங்கி நிற்பார்கள். மிதி கனத்து விழும், சதங்கை ஒரே அடியில் அதிரும். அபிமன்யுவின் போர் இவை இரண்டிலும் கடினமானது. ஒருவனே பலரை எதிர்கொள்வதால், அவனுடைய ஆட்டத்தில் வேகமும் தளர்ச்சியும் மாறிமாறி வரவேண்டும். இளமை குறையாமல் அந்தத் தளர்ச்சியைக் காட்டுகிறவனே தேர்ந்த கூத்தன்.

வீசாணம், எட்டு, நாலடி, குத்துமிதி, பாய்ச்சல் என்று ஆட்டங்களுக்குப் பெயருண்டு. இவற்றில் எட்டு என்பது அந்த இலக்கத்தின் வடிவிலேயே கால்கள் களரியைக் கோலமிடுவது. எதிரிகள் இருவர் எட்டுப் போடும்போது ஒருவர் பாதையை மற்றவர் வெட்டிச் செல்வார். முட்டிக்கொள்வார்களோ என்று சபை நினைக்கும் கணத்தில் தாளம் அவர்களைப் பிரித்துவிடும்.

ஆயுதம் உயர்வதற்கு முன் தர்க்கம் நடக்கும். ஒருவன் பாடி இகழ்வான். பிற்பாட்டுக்காரர் அதை வாங்கிப் பாட அவன் ஆடுவான். அது முடிந்த பின்னரே மற்றவன் பதில் சொல்வான். முறை வைத்துப் போர் செய்யும் இந்த ஒழுங்கை இன்றைய இளையோர் யப்பானிய வீடியோ விளையாட்டுகளில் நன்கறிவார்கள். 1987இல் வெளிவந்த முதலாவது ஃபைனல் ஃபன்டசி அவற்றில் ஒன்று. அதில் ஆறு வகை வீரரிலிருந்து நால்வரைத் தெரிந்து ஓர் அணி சேர்க்கவேண்டும். வாள்வீரன் முன்னே நின்று அடி தாங்குவான், வெள்ளை மந்திரவாதி காயம் ஆற்றுவான், கறுப்பு மந்திரவாதி நெருப்பை ஏவுவான். ஒருவனுடைய குறையை மற்றவன் நிரப்புவதில்தான் அந்த அணியின் சுவை. தருமனின் நிதானத்துக்குப் பக்கத்தில் வீமனின் ஆவேசத்தை நிறுத்திய பாரதக் கதையும் அதே சுவையை அறிந்தது. விளையாட்டில் வெற்றி யாருக்கு என்பது ஆடி முடியும்வரை தெரியாது. களரியிலோ முடிவு எல்லாருக்கும் தெரியும். விடியும்வரை சனம் விழித்திருப்பது வீரன் எப்படி ஆடுகிறான் என்று பார்க்கத்தான்.

உடுப்பும் போர்முறையைத் தீர்மானிக்கிறது. அரச வீரர்களின் கரப்புடுப்பு, வாவியில் மீன் பிடிக்கும் கரப்பைப்போல இடையிலிருந்து விரிந்து நிற்கும். அதன் பாரத்தோடும் தலையிலுள்ள கெருடம் என்ற முடியோடும் நுணுக்கமான அடிகளை விரைந்து போடமுடியாது. மட்டக்களப்பின் மற்றக் கூத்து வகையான தென்மோடியில், பூமுடியும் இலகுவான உடுப்புமாக வருபவர்கள் ஆட்ட நுட்பத்தில் முந்துவதற்கு இதுவும் ஒரு காரணம். வடமோடி அந்தப் பாரத்தையே வீறாக மாற்றிக்கொண்டது.

இதற்கான பயிற்சி நீண்டது. ஆளுக்கேற்ற பாத்திரம் தெரிந்து சட்டங் கொடுத்தல் (பாட்டுப் பிரதி வழங்கல்), பிறகு சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் (ஒத்திகை), அரங்கேற்றம் எனப் படிப்படியாக நடக்கும். யாருக்கு வீமன், யாருக்கு அர்ச்சுனன் என்று அண்ணாவியார் முடிவு செய்வதில் குரல், உடற்கட்டு, கால்வாகு மூன்றும் எடைபோடப்படும்.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு கர்ணன் போர், இராவணேசன் முதலியவற்றை நவீன மேடையில் ஏற்றினார். இராவணனாக ஆடிய சி. மௌனகுரு பின்னாளில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை விரிவாக ஆராய்ந்தார். நகரத்தார் கூத்தை மதிக்கத் தொடங்கியதில் இந்த முயற்சிகளுக்குப் பெரும் பங்குண்டு. எனினும், முன்பக்கம் மட்டும் திறந்த மேடையில் போர் ஆட்டம் பாதியை இழக்கிறது. எட்டின் வளைவு அங்கே தட்டையாகிவிடுகிறது. வில்லாளர் இருவரும் ஒருவரை ஒருவர் பார்ப்பதா, சபையைப் பார்ப்பதா என்று தடுமாறுகிறார்கள். போர்க் கூத்தை ரசிக்க விரும்புவோர் அதை ஊரில், வட்டக்களரியில், ஓர் இரவு முழுதும் இருந்து பார்க்கவேண்டும். ஆயுதத்தை விட்டுக் கால்களைப் பார்க்கவேண்டும்.