நிறுவித் தந்தால் போதுமா?

லினக்ஸ் இயங்குதளத்தை அறிமுகப்படுத்தும் நிறுவல் முகாம்களில் ஒரு காட்சியை அடிக்கடி பார்க்கிறேன். வந்தவர் மடிக்கணினியைத் திறந்து வைப்பார். தன்னார்வலர் பென் டிரைவைச் செருகுவார். அரை மணி நேரத்தில் உபுண்டுவோ லினக்ஸ் மின்ட்டோ ஏறிவிடும். அந்த அரை மணியும் விசைப்பலகை தன்னார்வலரின் கையிலேயே இருக்கும்.

இம்முறையின் பலம் சிறியதல்ல. வன்தட்டைத் தொடாமலே இயங்குதளத்தை ஓட்டிப் பார்க்கும் வழியை, 2000இல் வந்த நாப்பிக்ஸ் குறுவட்டு பரவலாக்கியது. வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா என்று சோதித்த பிறகே முடிவெடுக்கலாம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்க மறுக்கும், ஆனால் நன்றாக ஓடும் கணினிகளுக்கு லினக்ஸ் மறுவாழ்வு. திருட்டு நகல் தேடாமலே ஒரு மாணவர் முழுமையான கணினியைப் பெறுகிறார்.

சிக்கல் இரண்டாம் வாரத்தில் வருகிறது. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கடிதத்தைத் திறந்தால், ஆங்கில எழுத்துகள் கலைந்து கிடக்கும். அந்த எழுத்துரு இல்லாத விண்டோஸிலும் இதே நிலைதான். ஆனால் வீட்டில் தனியே அமர்ந்திருப்பவருக்கு அது லினக்ஸின் குறையாகவே படும். எழுத்துருக் கோப்பை நகலெடுத்து நிறுவினால் தீர்ந்துவிடும். தமிழ்99 விசைப்பலகையைச் சேர்ப்பதும் சில நிமிட வேலைதான். முகாமில் இவற்றை யாரும் காட்டியிருக்க மாட்டார்கள். டெர்மினல் கட்டளைகளும், உபுண்டு, மின்ட் போன்றவற்றில் எந்த வழங்கல் சிறந்தது என்ற வாதமும் நேரத்தைத் தின்றிருக்கும்.

நிறுவித் தருவது மட்டும் போதாது என்பதை அரசுத் திட்டத்திலும் பார்த்தேன். 2011இல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில், விண்டோஸுடன், மத்திய அரசின் சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அதைத் திறந்து பயன்படுத்தியவர்கள் நான் அறிந்த மாணவர்களில் மிகச் சிலரே. திறக்க அவர்களுக்கு ஒரு காரணம் அமையவில்லை. கேரளம் வேறு வழியில் போனது. ஐடி@ஸ்கூல் திட்டம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தது. கட்டற்ற மென்பொருள்களைப் பாடநூலுக்குள் கொண்டுவந்தது. பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வையும் அவற்றிலேயே வைத்தது. அங்கே மென்பொருளோடு அதில் செய்ய வேண்டிய வேலையும் சேர்ந்தே வந்தது.

அதனால், புதியவரின் விண்டோஸை உடனே மாற்றுவதைவிட, லிப்ரேஆஃபிஸ், ஜிம்ப், விஎல்சி ஆகியவற்றை அதிலேயே பழக்குவது மேல் என்பேன். கை பழகிவிட்டால் இயங்குதளம் மாறும்போது பெரிய அதிர்ச்சி இருக்காது. இப்படிச் செய்தால் பலர் விண்டோஸிலேயே தங்கிவிடுவார்கள் என்று நண்பர்கள் வாதிடுவதுண்டு. அதில் உண்மை இருக்கிறது. இருந்தும், ஒரு மாதத்தில் வெறுத்துத் திரும்புபவரை மறுபடி அழைத்து வருவது அதைவிடக் கடினம். டாலியில் கணக்கு எழுதுபவரிடமும் கோரல்டிராவில் பிழைப்பு நடத்துபவரிடமும், முழுதாக மாற வேண்டாம் என்று நேராகச் சொல்லிவிட வேண்டும்.

முகாம் நடத்துபவர்கள் இன்னொரு ஞாயிறையும் ஒதுக்கட்டும். முதல் முறை வந்தவர்கள் அச்சுப்பொறியையும் பழைய கோப்புகளையும் எடுத்துவரட்டும். அன்றைக்கு விசைப்பலகை அவர்கள் கையில் இருக்கட்டும்.