சீனப் பழங்கதையொன்றில் ஆணவத்தின் இயல்பு

கல்வி நிரம்பினும், தவம் முதிரினும், சித்திகள் கைவந்து ஏவல் செய்யினும், ஆணவமலம் தானே நீங்கிவிடாதென்பது சைவ சித்தாந்தத்தின் துணிபு. இவ்வுண்மைக்குச் சான்று இந்நாட்டுப் புராணங்களிற் பலவுள. பிற நாட்டார் கதைகளிலும் அது விளங்கக் கிடத்தலைச் சைவ நன்மக்கள் அறிதல் நலம். அத்தகையதொரு கதை சீன நாட்டு ஷென் கோங்பாவோ என்பானுடையது.

இவன் கதை கூறும் நூல் 'ஃபெங்ஷென் யென்யி' என்பது. தெய்வப் பதவி வழங்கிய வரலாறு என்பது அப்பெயரின் கருத்து. மிங் குலத்தரசர் காலத்தே, கி. பி. 16-ஆம் நூற்றாண்டளவில் எழுந்த அந்நூல் 100 அத்தியாயங்களால் இயன்றது. அதனை ஆக்கியோர் சூ சோங்லின் என்பாரும், தாவோ நெறியினராகிய லூ சீசிங் என்பாரும் உளர். கி. மு. 1046 அளவில் மூயே என்னுங் களத்தில் ஷாங் குலம் வீழச் சௌ குலம் தலையெடுத்த வரலாற்றை அடியாகக் கொண்டு, தேவரும் முனிவரும் அப்போரில் இரு பக்கமும் நின்று பொருதனரென அந்நூல் விரித்துரைக்கும். அதன்கண் வரும் நேஜா என்னும் இளவீரன், குபேரன் மகனாகிய நளகூபரனே பௌத்தர் வழியாகச் சீனம் புக்கு உருமாறியவன் என்பது ஆராய்ச்சியாளர் முடிபு. ஆதலின் அந்நூல் பாரத நாட்டுப் புராண மரபிற்கு முற்றும் புறம்பாயதன்று.

ஷென் கோங்பாவோ பிறப்பால் அசுரனல்லன். இறைவனுக்கு எதிராக நிற்கும் வேறொரு முதற்பொருளும் அல்லன். குன்லுன் மலையில் யுவான்ஷி தியான்சூன் என்னும் பெருந்தெய்வத்தின்பால், ஜியாங் ஸியா என்பானோடு ஒருங்கு பயின்ற மாணாக்கன். ஜியாங் ஸியா நாற்பதியாண்டு பயின்றும் ஆற்றலிற் பின்தங்கியவன். அழியா நிலை பெறுதற்குரிய பேறும் இலனென ஆசிரியராற் கூறப்பட்டவன். அங்ஙனமிருந்தும், போரில் மடிவார்க்குத் தெய்வப் பதவி வகுக்கும் பட்டியலை ஆசிரியர் அவன் கையிலேயே அளித்தார். ஆற்றலான் மிக்க தன்னை விடுத்து அவனைத் தேர்ந்தமை ஷென் கோங்பாவோவின் நெஞ்சிற் பொறாமைத் தீயை மூட்டிற்று. பகை பிறந்த இடம் போர்க்களமன்று, குருகுலமே என்பது கற்றார் கருதத்தக்கது.

பட்டியலோடு மலையிழிந்த ஜியாங் ஸியாவை அவன் வழிமறித்து, அதனை எரித்துவிட்டு ஷாங் அரசனுக்குத் துணையாகுமாறு தூண்டினான். தன் தலையைத் தானே அரிந்து விசும்பில் எறிந்து மீட்டும் பொருத்துவல் எனத் தருக்கி, அவ்வாறே அரிந்தும் எறிந்தான். அது கண்ட தென்துருவ முனிவர் தம் ஏவலனைக் கொக்குருவில் விடுத்து அத்தலையைக் கவர்வித்தார். குறித்த சிறுபொழுதில் மீளாதேல் உயிர் நீங்கும். அந்நிலையில் அவன்பொருட்டு இரந்து வேண்டியவன் அவனாற் பகைக்கப்பட்ட ஜியாங் ஸியாவே. தலை மீண்டது, ஆயின் முகம் முதுகுப்புறம் நோக்கப் பொருந்திற்று. காதைப் பற்றித் தலையைத் திருப்பிக்கொண்டவன், உயிர் காத்தவனுக்கு நன்றி கூறினானல்லன். அவன் நாட்டைக் குருதிக் கடலாக்குவேனெனச் சூளுரைத்தே அகன்றான். தலை திரும்பியும் நெஞ்சு திரும்பிற்றில்லை. சித்தியாலும் பிறர் செய்த உதவியாலும் ஆணவம் கழியாதென்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

அதன்பின் அவன் தானே பொருது வென்றது சிறிது. பிறரைத் தூண்டிக் கெடுத்ததே பெரிது. மலைதோறும் தீவுதோறும் சென்று தவத்தோரை நிறுத்தி, அவரவர்க்கேற்ற சொல்லால் மயக்கினான். ஷாங் அரசன் மைந்தராகிய யின் ஹோங், யின் ஜியாவ் இருவரும் சௌ குலத்தார்க்குத் துணையாவோமென்று தத்தம் ஆசிரியர்பாற் சூளுற்று வந்தோர். அவர்பால் 'மகன் தந்தையை எதிர்த்தல் அறமோ' என வினவித் திரித்தான். இருவரும் தாம் தாம் உரைத்த சூளின்படியே, ஒருவன் சாம்பராகியும் மற்றவன் தலைமேல் ஏருழப்பட்டும் மாய்ந்தனர். சாவ் கோங்மிங்கை இழந்த தங்கையர் மூவர்பால் பழிவாங்கும் வேட்கையைக் கிளறினான். தூ சிங்சுன் என்னுங் குறளனுக்குச் செல்வமும் பதவியும் காட்டினான். புதியதொரு குற்றத்தை அவன் எவர்பாலும் புகுத்தினானல்லன். பாசமும் சினமும் அவாவுமாக அவரவர்பால் முன்னரே கிடந்ததனை எழுப்பிவிட்டான். இவருள் தூ சிங்சுன் ஒருவன், தன் ஆசிரியர் நேரே வந்து பற்றித் திருத்தியமையால் நன்னெறிக்கு மீண்டான். குருவருள் உற்றவழிக் கெட்டோனும் மீளலாம் என்பது இதனாற் போதரும்.

ஈண்டு ஒரு தடை எழும். பட்டியல் முன்னரே வகுக்கப்பட்டதாயின், அதனை நிரப்புதற்குக் கருவியாயினான் ஷென் கோங்பாவோ. கருவிக்குக் குற்றம் யாங்ஙனம் என்பது அது. சித்தாந்தம் இதற்கு விடை பகரும். மலத்தைப் பக்குவப்படுத்தற்பொருட்டு அதனைத் தொழிற்படுத்துவது இறைவனது திரோதான சத்தி. அது மறைப்பாயினும் அருளே. அச்சத்தியின்கீழ் நின்று உயிர் தானே விரும்பிச் செய்யும் வினையோ உயிரினதே. பொறாமை அவனது; அதனாலும் விளைந்த பயனை நன்மைக்கு ஆக்கிக்கொண்டது மேலோரின் செயல். இரண்டனையும் ஒன்றெனக் கொள்ளின் அறமும் இல்லை, அருளும் இல்லையாம். அந்நூலும் அவனைக் குற்றமற்றவனாக விடுத்ததன்று. இனி இடர் செய்யின் வடகடலின் கண்ணை அடைக்கக் கடவேன் என ஆசிரியர்முன் அவன் உரைத்த சூளே அவனைப் பற்ற, அக்கடற்கண்ணில் அடைக்கப்பட்டான்.

ஆயினும் நூலின் முடிவு ஆராயத்தக்கது. அவ்வாறு ஒறுக்கப்பட்டவனுக்கும் இறுதியிற் கீழ்க்கடலில் நீர்பிரிக்கும் தலைவன் என்னும் பதவி வழங்கப்படுகின்றது. காலையிற் கதிரவன் எழுதலைக் காணலும், கோடையிலும் பனிக்காலத்திலும் நீரின் நிலையை நடத்தலும் முடிவின்றிச் சுழலும் அவன் தொழில். கொடுங்கோலனாகிய ஷாங் அரசனும் மகிழ்ச்சி விண்மீனின் தெய்வமாகின்றான். இவர்பால் நெஞ்சு கனிந்தமை யாண்டுங் கூறப்பட்டிலது. மலபரிபாகமின்றிப் பேறு கூறியது இந்நூலின் குறையென்க. சூரபன்மன் வேற்படையால் மயிலுஞ் சேவலுமாயினமையோடு இதனை ஒப்பிடுக. ஆண்டுப் பகைமை மாறித் தொண்டாயிற்று; ஈண்டுப் பகைவன் பகைவனாகவே பதவி பெற்றான்.

எனினும் அந்நூலோர் இப்பதவியை வீடுபேறென மயங்கினாரல்லர். தவவேர் ஆழ்ந்தோர் அழியா நிலை எய்துவர், அதிற் குறைந்தோர் தெய்வப் பதவி எய்துவர், மிகக் குறைந்தோர் மக்களாய்ப் பிறவிச் சுழலில் நிற்பர் என மூவகை வகுத்து, தெய்வப் பதவியை இடைப்பட்டதாகவே வைத்தனர். பதமுத்தியும் பரமுத்தியும் வேறெனவும், தேவரும் பசுக்களே எனவும் கொள்ளும் சைவர்க்கு இது வியப்பன்று. பிற நாட்டாரும் இம்மட்டில் உணர்ந்தமை மகிழ்தற்குரியது. மூவகைக்கும் மேலாய அருள்நிலையை அவர் கண்டிலரென்பதே வேற்றுமை.

பட்டியலைக் கையிற் கொண்டு அனைவர்க்கும் பதவி வழங்கிய ஜியாங் ஸியா தனக்கெனத் தெய்வப் பதவி ஒன்றுங் கொண்டிலன். சீ நாட்டை ஆளும் மண்ணுலகத் தொழிலே ஏற்றான். பணித்ததைச் செய்து அமைந்தவன் அவன். பணி தனக்கு வாராமையாற் புழுங்கியவன் மற்றவன். ஒரு மடத்தில் ஓராசிரியர்பால் ஒருங்கு கற்றார் இருவர்க்குள் இத்துணை வேற்றுமை விளைதல் எக்காலத்தும் எந்நாட்டினும் கூடும். உடன்கற்றவன் உயர்வு காணுங்கால் நெஞ்சு சுருங்குமாயின், கற்ற சாத்திரங்கள் யாவும் இருக்க, ஆணவம் அங்கே இருந்தவாறே இருக்கின்றதென்று அறிக. அதனை ஒழிப்பது தன் வலியன்று, திருவருளே.

திருச்சிற்றம்பலம்.