ஒரே முகநூல், இரண்டு அச்சங்கள்

2022 ஏப்ரல் 3ஆம் திகதி, நள்ளிரவு தாண்டியதும் இலங்கையில் முகநூல், வட்ஸ்அப், டுவிட்டர், யூடியூப் எல்லாம் முடங்கின. அன்று நாடெங்கும் மக்கள் திரள அழைப்பு விடப்பட்டிருந்தது, ஊரடங்கும் போட்டாயிற்று. ஆளாளுக்கு விபிஎன் இறக்கிக்கொண்டதுதான் மிச்சம். ஜனாதிபதியான சித்தப்பா கோட்டாபய ராஜபக்சவின் அரசு போட்ட தடையை அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்சவே டுவிட்டரில் ஏற்க மறுத்தார் என்பது அன்றைய பெரிய பகிடி. மாலைக்குள் தடையை நீக்கவேண்டி வந்தது.

அரகலய என்ற அந்த மக்கள் போராட்டத்தைச் சமூக ஊடகம்தான் உருவாக்கியது என்று பலரும் எழுதிவிட்டார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. 13 மணிநேர மின்வெட்டும் எரிவாயு வரிசையும் போதாதா, ஒரு நாடு கொதிக்க? அந்தக் கொதிப்பு வீட்டுக்கு வீடு தனித்தனியாகக் கிடந்தது. மார்ச் 31 இரவு மிரிஹானவில் ஜனாதிபதியின் வீட்டு வாசலில் ஆட்கள் திரண்டு கத்துவதை நேரலையில் பார்த்தபோதுதான், பயம் விட்டுப்போனது தனக்கு மட்டுமல்ல என்று பலருக்கும் தெரிந்தது. ஆளைக் கூட்ட ஒலிபெருக்கி கட்டிய முச்சக்கர வண்டி போதும். அச்சத்தைக் கலைத்ததுதான் முகநூலின் உண்மையான சாதனை. அன்றிரவு பிடிபட்டவர்களுக்காக நூற்றுக்கணக்கான சட்டத்தரணிகள் காசு வாங்காமல் நீதிமன்றத்தில் வந்து நின்றார்கள். கைதானால் கேட்க ஆள் உண்டு என்ற துணிவு அங்கிருந்து பரவியது.

இந்தத் துணிவு எல்லோருக்கும் ஒரே அளவில் வாய்க்கவில்லை. டிஜிட்டல் ஏற்றத்தாழ்வு என்றதும் போன் இல்லாதவரையும் சிக்னல் தேடி மலையேறும் தோட்டத்துப் பிள்ளையையும்தான் நினைக்கிறோம். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. போனும் டேட்டாவும் இருந்தும் எழுத முடியாதவர்கள் இருக்கிறார்கள். போரில் இறந்தவர்களை நினைவுகூர்ந்து முகநூலில் பதிவிட்டதற்காகவே 2020, 2021இல் வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் இளைஞர்கள் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார்கள். கொழும்பில் ‘கோட்டா கோ ஹோம்’ என்று எழுதியவருக்குப் பிணை கிடைத்தது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உள்ளே போனவருக்கு மாதக்கணக்கில் தடுப்புக்காவல்.

யாருடைய துயரம் கண்ணில் படும் என்பதிலும் இதே கதைதான். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் கிளிநொச்சியில் போராட உட்கார்ந்தது 2017 பெப்ரவரி 20. கொழும்பின் காலிமுகத்திடலில் அரகலயக்காரர்களின் கூடாரம் எழுந்தபோது அவர்கள் 1,800 நாள்களைத் தாண்டியிருந்தார்கள். அதே வீதியோரம், அதே புகைப்படங்கள், போகப் போகக் குறையும் முகங்கள். புதிதாக ஏதாவது நடந்தால்தான் மேலே தூக்கிக் காட்டும் ஊடகத்துக்கு இதில் காட்ட ஒன்றுமில்லை. அரகலயக்காரர்கள் மே 18இல் காலிமுகத்திடலிலேயே, போரின் முடிவில் முள்ளிவாய்க்காலில் மாண்டவர்களை நினைவுகூர்ந்து கஞ்சி பரிமாறியதை மறக்கக்கூடாது; அந்தப் படங்கள் பல சிங்கள நண்பர்களை முதன்முறையாகக் கேள்வி கேட்க வைத்தன. ஆனால் அதற்குக் கொழும்பின் கடற்கரை வேண்டியிருந்தது.

அச்சத்தைக் கலைத்த அதே கருவி அச்சத்தை மூட்டவும் செய்தது. 2018 பெப்ரவரி, அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. கறியில் மாவுக்கட்டி ஒன்று கிடக்க, மலட்டு மாத்திரை கலந்தாயா என்று கும்பல் சூழ்ந்து கேட்கிறது. சிங்களம் சரிவரத் தெரியாத கடைக்காரர் மிரண்டு தலையாட்டுகிறார். அது காணொளியாகி ‘ஒப்புதல் வாக்குமூலம்’ ஆனது. அடுத்த வாரமே கண்டிக்கருகே திகனவில் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. வெறும் மாவுதான் என்று அரச பகுப்பாய்வு பின்னர் சொன்னதை எத்தனை பேர் பகிர்ந்தார்கள்? அந்த வன்முறையில் தனக்கிருந்த பங்குக்காக முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கேட்க 2020 ஆகிவிட்டது.

அரகலயவைத் தலைவர் இல்லாத போராட்டம் என்று பெருமைப்பட்டார்கள். கோட்டாபயவைத் துரத்த அது போதுமாயிருந்தது. அடுத்து யார் என்ற கேள்வி நாடாளுமன்றத்துக்குப் போனதும் கதை மாறியது. 2022 ஜூலை 20இல் 134 வாக்குகளோடு ரணில் விக்கிரமசிங்க ஜனாதிபதி. 22ஆம் திகதி விடியுமுன் இராணுவம் கூடாரங்களைப் பிய்த்தெறிந்தது. 2019 ஜனாதிபதித் தேர்தலில் மூன்று வீதம் வாக்கெடுத்த அநுரகுமார திசாநாயக்க 2024இல் வென்றதற்கும் முகநூலையே காரணம் காட்டுகிறார்கள். ஊர்தோறும் கிளை வைத்து, கூட்டம் போட்டு, வீடு வீடாக ஏறி இறங்கியவர்களின் உழைப்பு திரையில் தெரியாதுதான்.

2022 ஆகஸ்டில் தெற்கின் மாணவர் தலைவர் வசந்த முதலிகேயை அதே பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்து மாதக்கணக்கில் அடைத்தார்கள். 1979இல் வந்த அந்தச் சட்டம் எப்படிக் கடிக்கும் என்பது அப்போதுதான் காலிமுகத்திடலில் நின்ற பலருக்கு உறைத்தது. அதை நீக்கக் கோரும் கையெழுத்து வேட்டை செப்டம்பரில் காங்கேசன்துறையில் தொடங்கி, ஊர் ஊராக நின்று நின்று, அம்பாந்தோட்டை வரை போனது. ஹேஷ்டேக்கில் அல்ல, தாளில்.