சுற்றுலாப் பார்வையும் மலைநகரின் தண்ணீரும்: சிம்லாவை முன்வைத்து

சுற்றுலா பற்றிய சமூகவியல் ஆய்வுகளில் மிகுதியாக எடுத்தாளப்படுவது, ஜான் உர்ரி 1990இல் வெளியிட்ட நூலில் முன்வைத்த 'சுற்றுலாப் பார்வை' என்னும் கருத்தாக்கமாகும். மருத்துவப் பார்வை குறித்து மிஷெல் ஃபூக்கோ கூறியதை அடியொற்றி, காண்பது இயல்பான செயலன்று, சமூகம் கற்பித்த செயலே என உர்ரி நிறுவினார். ஓர் ஊரைச் சென்று காணுமுன்பே அதனை எவ்வாறு காண வேண்டும் என்பதைப் படங்களும் விளம்பரங்களும் முடிவு செய்துவிடுகின்றன. இக்கருத்தாக்கம் எதனை விளக்குகிறது, எதனை விடுகிறது என்பதற்குச் சிம்லா தக்க சான்றாகும்.

1864இல் ஆங்கில ஆட்சியின் கோடைக்காலத் தலைநகரான சிம்லா, இமயத்தின் முகட்டில் ஓர் ஆங்கிலச் சிற்றூரின் தோற்றத்தைப் பெற்றது. தேவாலயம், மால் சாலை, 1887இல் திறக்கப்பட்ட கெயிட்டி அரங்கம் ஆகிய அனைத்தும் காட்சிக்காகவே அடுக்கப்பட்டவை போல் உள்ளன. 1903இல் கால்கா இருப்புப்பாதை வந்தது. விடுதலைக்குப்பின் ஆட்சியாளர் மாறினர்; பார்வை மாறவில்லை. ஆங்கிலேயர் விட்டுச்சென்ற அதே காட்சியை இந்திய நடுத்தர வர்க்கம் தனதாக்கிக்கொண்டது. இதுவரை உர்ரியின் கோட்பாடு நன்கு பொருந்துகிறது.

பொருந்தாத இடம் தண்ணீர். 2018 மே இறுதியில் சிம்லாவின் நீர்வழங்கல் தேவையில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. கட்டுமானத்திற்கும் கார் கழுவுவதற்கும் உயர்நீதிமன்றம் ஒரு வாரம் தடை விதித்தது, பள்ளிகள் மூடப்பட்டன, கோடை விழா தள்ளிவைக்கப்பட்டது. 'இங்கு வராதீர்கள்' என்று நகரமக்களே பயணிகளை வேண்டினர். விருந்தினரை நம்பி வாழும் ஊர் விருந்தினரை விலக்கிய அந்நிலையைப் பார்வை என்னும் ஒரு சொல்லால் விளக்க இயலாது. அதற்கு முன்பே, 2015-16 குளிர்காலத்தில், அஷ்வனி ஓடையில் கழிவுநீர் கலந்ததால் நகரில் மஞ்சள்காமாலை பரவியிருந்தது. ஓடையும் குழாயும் காட்சிப் பொருள்கள் அல்ல. ஜோனாஸ் லார்சனுடன் இணைந்து உர்ரி 2011இல் திருத்தி வெளியிட்ட பதிப்பு எண்ணெய்த் தட்டுப்பாட்டையும் காலநிலை மாற்றத்தையும் பேசுகிறது என்பது உண்மை. ஆயினும் அங்கும் பயணத்தின் எதிர்காலமே முதன்மை பெறுகிறது; பயணியை ஏற்கும் ஊரின் குழாய் பின்னுக்குச் செல்கிறது.

உழைப்பும் அவ்வாறே மறைகிறது. வாகனங்களுக்கு இடமில்லாத மால் சாலைப் பகுதியில் பெட்டிகளையும் எரிவாயு உருளைகளையும் முதுகில் சுமப்போருள் பலர் காஷ்மீரிலிருந்து வந்த தொழிலாளர். பயணியின் நிழற்படத்தில் அவர்கள் ஒன்று அழகிய பின்னணி, அன்றேல் இல்லை. நகர்ப்புறச் சூழலியம் எவ்வாறு எளியோரை விலக்குகிறது என்பதைத் தில்லியை வைத்து விளக்கிய அமிதா பாவிஸ்கரின் 'முதலாளியச் சூழலியம்' என்னும் கருத்து இங்கு உர்ரியைக் காட்டிலும் பயன்படும்.

தமிழ் ஆய்வாளர்க்கு இவ்விடத்தில் மலைபடுகடாம் நினைவுக்கு வருதல் இயல்பு. அதுவும் மலைவழியே செல்வோர்க்குரிய நூலே. எனினும் அதில் மலை காட்சியாக மட்டும் நிற்பதில்லை. பன்றிக்கு வைத்த பொறி, புனங்காவலர் எறியும் கவண்கல், வழுக்கும் நீர்நிலை, வழியில் உணவளிக்கும் குடிகள் என, மலையில் வாழ்வோரின் தொழிலை அறிந்தாலன்றிக் கடக்க இயலாத வழியாக அது அமைகிறது. இதனைப் பழமையின் பெருமையாகக் கொள்ள வேண்டியதில்லை. வள்ளலை நாடிச் செல்லும் கூத்தர் வேறு, விடுமுறைப் பயணி வேறு. ஆனால் ஏற்கும் ஊரின் உழைப்பைப் பயணத்தின் உள்ளேயே வைக்கும் இம்முறையியல் உர்ரியிடம் வலுவாக இல்லை.

எல்லாப் பழியையும் பயணிமேல் சுமத்துவதும் பிழையே. 2018இன் நெருக்கடியில் பனிப்பொழிவின் குறைவுக்கும் பழங்குழாய்களின் கசிவுக்கும் பங்குண்டு. சரிவுகளில் எழுந்த கட்டடங்களுள் விடுதிகளோடு நகரமக்களின் வீடுகளும் அரசு அலுவலகங்களும் உள்ளன. மையப் பகுதியிலும் பசுமைப் பகுதியிலும் புதிய கட்டுமானத்தைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 நவம்பரில் தடுத்தது. 2041ஆம் ஆண்டுக்கான வளர்ச்சித் திட்டத்தை ஏற்ற உச்சநீதிமன்றம் 2024 சனவரியில் தீர்ப்பாயத்தின் ஆணைகளை நீக்கியது. இவ்விரண்டிற்கும் இடையே, 2023 ஆகஸ்டில், சம்மர் ஹில் பகுதியில் நிலச்சரிவு ஒரு சிவன் கோயிலை அடித்துச்சென்று இருபது உயிர்களைப் பறித்தது. இறந்தவர் வழிபட வந்த உள்ளூர் மக்கள்.