எந்தப் பாலைச் சோதிப்பது?

மேல்நாட்டுப் பெரும்பண்ணைகளில் தொற்று மடிநோய் இருக்கிறதா என்று பார்க்கக் குளிரூட்டும் தொட்டியிலிருந்தே பால் எடுத்துச் சோதிக்கலாம். அத்தனை மாடும் ஒரே பண்ணையுடையவை. கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பக்கத்துப் பால் கூட்டுறவு சொசைட்டியின் கேனில் சேர்வதோ வீட்டுக்கு இரண்டு மூன்று மாடு வைத்திருக்கும் பலருடைய பால். நோய் யார் வீட்டில் என்று கேன் சொல்லாது.

நோய் இருப்பதையே அது மறைத்தும்விடும். ஒரே மாட்டின் ஒரு காம்பில், அழற்சி வந்தால் பாலில் கூடும் உடற்செல்கள் மில்லிக்கு 10 லட்சம், மற்ற மூன்றிலும் தலா ஒரு லட்சம் என்று வையுங்கள். சம அளவில் கலந்தால் 3.25 லட்சம், ஐரோப்பிய ஒன்றியத்தின் 4 லட்சம் வரம்புக்குள் அந்தப் பால் தேறிவிடுகிறது.

ஆகவே மாட்டருகில்தான் சோதிக்க வேண்டும். 1957-ல் வெளிவந்த கலிபோர்னியா மடிநோய்ச் சோதனைக்கு நான்கு குழித் தட்டு ஒன்றும் அதற்கான கரைசலும் போதும். முதல் பீய்ச்சலைத் தள்ளிவிட்டுக் காம்புக்கு ஒரு குழியில் பால் பிடித்து, அதே அளவு கரைசல் விட்டுச் சுழற்றினால், சில விநாடிகளில் கெட்ட காம்பின் பால் கொழகொழவென்று திரளும். ஆனால் இது காட்டுவது அழற்சியை, கிருமியை அல்ல. கன்று ஈன்ற புதிதிலும் பால் வற்றும் காலத்திலும் நல்ல மடியின் பாலும் திரளக்கூடும்.

கிருமியை அறிய ஆய்வகம் வேண்டும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே பெரும்பாலும் பென்சிலினுக்கு அடங்கும். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் மடித்திசுவுக்குள் பதுங்கி, விட்டுவிட்டுத்தான் பாலில் வரும். அதனால் 'கிருமி இல்லை' என்ற ஒற்றை அறிக்கையை நம்ப முடியாது. கல்வராயன் மலையில் வெள்ளிமலையிலிருந்து பாலை ஐஸில் வைத்துக் கச்சிராயபாளையம் வழியாகக் கீழே இறக்குவதென்றால், தட்டில் திரண்ட காம்புகளின் பாலுக்கு மட்டுமே அந்தப் பாடு தகும்.

இத்தனையும் செய்தாலும் ஒரு பிழை மிஞ்சுகிறது: வீடு வீடாகச் சோதிப்பது. தொற்று பரவுவது பெரும்பாலும் கறக்கும் கையால். ஒரே கறவைக்காரர் விடியலில் நாலைந்து வீட்டு மாடுகளைக் கறக்கும் ஊரில், அவர் தொடும் மாடுகள் அத்தனையும் ஒரே மந்தை. அந்த மாடுகளை ஒன்றாகச் சோதித்து, பால் திரண்ட மாட்டைக் கடைசியில் கறந்து, கறந்தபின் காம்பைக் கிருமிநாசினியில் முக்குவதே சரியான முறை என்பது என் தீர்ப்பு. ஆய்வகமும் கேனும் இதற்குத் துணை மட்டுமே.

கொழுப்பும் கொழுப்பல்லாத திடப்பொருளும் (எஸ்.என்.எஃப்) பார்த்தே விலை போடும் சொசைட்டியில், பால் திரண்டதைத் தானாகச் சொல்லும் வீட்டுக்கு அன்றைக்கு நஷ்டம்தான் மிச்சம். கரைசலின் செலவையும், ஒதுக்கிய பாலுக்கு ஒரு பங்கு விலையையும் பால் கூட்டுறவு ஒன்றியம் ஏற்க வேண்டும்.